கெமிக்கல் எஞ்சினியரிங்கும் பயோடெக்கும் சேர்த்துப் படிக்க வழி உண்டா? (டர்பன், மெட்ரிக் மாணவி)

பைன்டவுன்_வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். மகள் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது 12-ம் வகுப்பு. கணக்கு, பிசிக்கல் சயின்ஸ், லைஃப் சயின்ஸ் மூன்றிலும் நல்ல மார்க். என்ன படிக்கப் போகிறாய் என்றால் "கெமிக்கல் எஞ்சினியரிங், பயோடெக்னாலஜி" என்கிறாள். ஏதாவது ஒன்றைச் சொல் என்றால் "ரெண்டும்தான்" என்கிறாள். சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் (நம் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பம்) விருப்ப வரிசை போட்டாக வேண்டும். செப்டம்பர் கடைசிக்குள் முடிவுக்கு வரணும்.

விசாரித்த வரையில் சொல்கிறேன். க்வாஸூலு-நட்டால் பல்கலைக்கழகம், அதாவது யு.கே.இசட்.என்., ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் கெமிக்கல், 4 வருஷம். உயிரியல் பக்கம் போனால் பி.எஸ்சி. 3 வருஷம், அதற்கு மேல் ஹானர்ஸ் 1 வருஷம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான டி.யு.டி.யில் பயோடெக்குக்கும் உணவுக்கும் சேர்த்துத் துறை இருக்கிறது. இரண்டும் ஒரே பெயரில் வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜ். அங்கே 2008-ல் கெமிக்கல் துறையையும் பயோடெக் நிலையத்தையும் இணைத்து ஒரே துறையாக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் செலவு நமக்குக் கட்டாது. ஊரிலிருந்து என் தம்பி, சென்னைக்கு அனுப்பு, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் (ஏ.சி. டெக்) பார்க்கலாம் என்கிறான். பெரியவர்களைக் கேட்டால் ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் வைக்காதே என்று மட்டும் சொல்கிறார்கள்.

இந்தத் துறைகளில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

மெரிபேங்க்_மாமா

வாத்தியார், நான் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆள். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் படிச்ச தமிழ், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க காலத்துல கெமிக்கல்னா ரிஃபைனரி. மெரிபேங்க்ல ரெண்டு பக்கமும் ரிஃபைனரி, நடுவில நாங்க. மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தும்போது கூட அந்த வாசம்தான். இப்ப பாருங்க, என்ஜென்ல 2020 டிசம்பர்ல தீப்பிடிச்சது, அதுக்கப்புறம் எண்ணெய் காய்ச்சவே இல்லை. சாப்ரெஃப் 2022-ல நின்னு போச்சு, அந்த ஏப்ரல்லயே வெள்ளம் வேற உள்ளே பூந்தது. டர்பன்ல கெமிக்கல் படிச்சிட்டு பிள்ளைங்க எங்க போகும்? சாசோல் ஆலை இருக்கிற செகுண்டாவுக்கா? அதை யோசிச்சு முடிவெடுங்க.

கரும்புச்சாறு

மாமா சொல்வது சரி. ஆனால் ரிஃபைனரி மூடினால் கெமிக்கல் எஞ்சினியருக்கு வேலை போச்சு என்பது பாதிக் கதைதான். நான் நார்த் கோஸ்ட்டில் ஒரு சர்க்கரை ஆலையில் பிராசஸ் எஞ்சினியர். என் வேலையில் கெமிக்கல் எது, பயோ எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது.

ஓர் உதாரணம். இங்கே கரும்பை எரித்துவிட்டுத்தான் பெரும்பாலும் வெட்டுவார்கள். எரித்த கரும்பு ஆலைக்கு வர நேரமானால், வெட்டுவாயில் லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா ஏறிவிடும். அது சுக்ரோஸைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற பசையைக் கக்கும். மழை பெய்து வண்டி சேற்றில் மாட்டினாலோ, டர்பைன் நின்று யார்டில் கரும்பு குவிந்தாலோ, மறுநாள் பாகு காய்ச்சும் பானில் அது தெரியும். பாகு கெட்டியாகி வடிகட்டி மெல்ல ஓடும். ஆவியாக்கும் பாத்திரத்தில் வெப்பம் ஏற மறுக்கும். சர்க்கரைப் படிகம் கனசதுரமாக வராமல் ஊசி மாதிரி நீளும். நீண்ட படிகத்தை சென்ட்ரிஃப்யூஜில் போட்டால் மொலாசஸ் (கழிவுப்பாகு) சரியாகப் பிரியாது. பிசுபிசுப்பு, வெப்பப் பரிமாற்றம், படிகமாதல் மூன்றும் கெமிக்கல் எஞ்சினியரிங் பாடம். அதைக் கெடுத்தது ஒரு பாக்டீரியா. பயாலஜி தெரியாத ஆள் பான் ஆபரேட்டரைத் திட்டுவான். தெரிந்தவன் யார்டுக்குப் போய் எரித்த நேரத்தை விசாரிப்பான்.

மொலாசஸோடும் கதை முடியாது. டர்பனிலேயே அதை ஈஸ்ட் வைத்துப் புளிக்கவிட்டு எத்தனால் வடிக்கும் ஆலை இருக்கிறது. 1 லிட்டர் எத்தனால் வடித்தால் 10 முதல் 15 லிட்டர் கழிவுநீர் மிஞ்சும், கருப்பாக, ஆற்றில் விட முடியாததாக. அதைச் சுத்தம் செய்வதும் நுண்ணுயிர்தான்.

ஆகவே என் கருத்து: பட்டம் கெமிக்கலாக இருக்கட்டும். பயோவை உள்ளே கொண்டுவருவது உங்கள் மகளின் சாமர்த்தியம். சர்க்கரை ஆராய்ச்சிக்கான எஸ்.எம்.ஆர்.ஐ. ஹோவர்ட் காலேஜ் வளாகத்திலேயே இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

நுண்ணோக்கி

கரும்புச்சாறு ஐயா சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடம் ஒன்று உண்டு. "பட்டம் கெமிக்கலாக இருக்கட்டும், பயோ தானாக வந்துவிடும்" என்பது எஞ்சினியர்கள் எல்லாரும் சொல்லும் பேச்சு. நான் மைக்ரோபயாலஜி எம்.எஸ்சி., புளிப்பித்தல் பக்கம் வேலை பார்க்கிறேன். எஞ்சினியர் நண்பர்களோடு மல்லுக்கட்டுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்: அவர்கள் செல்லை வினையூக்கி மாதிரி நினைக்கிறார்கள். பிளாட்டினம் பிள்ளை பெறாது. செல் பெறும்.

1 மில்லி குப்பியில் இருக்கும் கல்ச்சரை 10,000 லிட்டர் தொட்டி வரைக்கும் கொண்டுவர வேண்டுமென்றால் ஒரு கோடி மடங்கு பெருக வேண்டும். அதே அடர்த்தி என்று வைத்தால் 23 தலைமுறை. நமக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும் செல் அந்தச் சுமையால் மெதுவாக வளரும். ஜீனைத் தொலைத்துவிட்ட சோம்பேறிச் செல் வேகமாக வளரும். 23 தலைமுறை முடிவில் தொட்டி நிறைய யார் இருப்பார்கள்? கலக்கி எத்தனை குதிரைசக்தி என்று கணக்குப் போட்டு இதற்குப் பதில் கிடைக்காது.

தென்னாப்பிரிக்க உதாரணமே சொல்கிறேன். ஜெர்மிஸ்டனில் மொலாசஸிலிருந்து அசிட்டோனும் பியூட்டனாலும் செய்யும் ஆலை 1980களின் தொடக்கம் வரை ஓடியது. க்ளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவை வைத்துச் செய்யும் அந்த முறை உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. பெட்ரோலியத்திலிருந்து மலிவாகக் கிடைத்ததுதான் முக்கியக் காரணம். ஆனால் ஓடிய காலம் முழுக்க அந்தத் தொழிலை ஆட்டிவைத்தது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பேக்டீரியோபேஜ். வைரஸ் புகுந்தால் தொட்டி முழுக்கச் சாவு. புது ரகம் தேடணும், அதைக் காப்பாற்றணும். குழாயைக் கழுவினால் மட்டும் தீராது.

ஆகவே மகள் கெமிக்கல் எடுத்தாலும் ஜெனெடிக்ஸ், மாலிக்யுலர் பயாலஜி இரண்டையும் சொந்த முயற்சியிலாவது ஒழுங்காகப் படிக்கணும். யூடியூப் பார்த்துத் தேறுகிற சங்கதி இல்லை.

ஜோபர்க்_ராஜா

பொம்பளைப் பிள்ளைக்கு ஆலை வேலை எதுக்கு சார்? பயோடெக் லேப்னா ஏசி ரூம், நிம்மதி.

நுண்ணோக்கி

ராஜா அவர்களே, ஏசி லேபில் ராத்திரி 2 மணிக்கு சாம்பிள் எடுக்க வருவது யார் என்று நினைக்கிறீர்கள்?

பெனிசிலினை ஆழ்தொட்டியில் செய்த முதல் வணிக ஆலையை வடிவமைத்தவர் மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ. எம்.ஐ.டி.யில் கெமிக்கல் எஞ்சினியரிங்கில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண், 1937-ல். அமெரிக்கக் கெமிக்கல் எஞ்சினியர்கள் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே, 1945-ல். கெமிக்கலும் பயோவும் சேர்ந்த தொழில் பெரிதாகப் பிறந்ததே அந்தப் பெனிசிலின் தொட்டியில்தான். இந்த இழையில் இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

கேப்_காற்று

ஹாய், கேப் டவுன் யுனிவர்சிட்டி, அதாவது யு.சி.டி.யில கெமிக்கல் மூணாவது வருஷம். நுண்ணோக்கி அக்கா செல் பக்கம் நின்னு பேசிட்டாங்க, நான் தொட்டி பக்கம் நின்னு பேசறேன் 😄

நம்மாளுங்க பயோடெக்னா ஜீனை வெட்டி ஒட்டறதுன்னு நினைச்சுக்கறாங்க. சரி, ஒட்டியாச்சு. பாக்டீரியா ரெடி. இப்ப அதுக்கு மூச்சு விடணும்ல? 30 டிகிரியில காத்தடிச்சா 1 லிட்டர் தண்ணியில கரையற ஆக்சிஜன் வெறும் 7.5 மில்லிகிராம். நல்லா அடர்த்தியா வளர்ந்த கல்ச்சர் 1 மணி நேரத்துல லிட்டருக்கு 3 கிராம் ஆக்சிஜன் இழுக்கும். வகுத்துப் பாருங்க, 9 விநாடி. காத்து 9 விநாடி நின்னா தொட்டிக்குள்ள ஆக்சிஜன் காலி. சர்க்கரையை மணிக்கணக்குக்கு முன்கூட்டியே கொட்டி வைக்கலாம், ஆக்சிஜனை அப்படிச் சேமிச்சு வைக்க வழியே இல்லை. அதனாலதான் எங்க லெக்சரர் கே-எல்-ஏ, கே-எல்-ஏன்னு உயிரை வாங்கறார். குமிழியிலிருந்து தண்ணிக்கு ஆக்சிஜன் எவ்வளவு வேகமா போகுதுங்கற எண்தான் அது.

அடுத்தது சூடு. அந்த 3 கிராம் ஆக்சிஜனை எரிச்சா லிட்டருக்கு 12 வாட் வெப்பம் வரும். 10,000 லிட்டர் தொட்டின்னா 120 கிலோவாட், 60 கெட்டில் ஒரே நேரத்துல கொதிக்கற மாதிரி. லேப்ல 10 லிட்டர் தொட்டியில இது பிரச்சினையே இல்லை, சுவர் வழியா வெளியே போயிடும். 10 லிட்டரை 10,000 ஆக்கினா கொள்ளளவு 1000 மடங்கு, சுவர்ப்பரப்பு 100 மடங்குதான். சூடு போக வழி இல்லாம செல் வெந்துடும். டர்பன் கோடையில கூலிங் டவர் தண்ணியே வெதுவெதுன்னு இருக்கும், அதையும் சேர்த்துக்குங்க.

இதெல்லாம் பி.எஸ்சி. பயோடெக்ல கொஞ்சம் தொட்டுக் காட்டுவாங்க. கணக்குப் போட்டுப் பழக வைக்கறது கெமிக்கல்லதான். இங்க எங்க துறைக்குள்ளயே பயோபிராசஸ் ஆராய்ச்சி மையம் இருக்கு, செபர்னு சொல்வோம். நாலாவது வருஷ ப்ராஜெக்ட்டை அங்க பண்ணலாம்னுதான் நான் குறி வச்சிருக்கேன்.

எச்சரிக்கை: ரெண்டாவது வருஷம் பிழிஞ்சு எடுத்துடும். மாஸ் பேலன்ஸ், தெர்மோ, ஃப்ளூயிட்ஸ், கணக்கு எல்லாம் ஒண்ணா வரும். எங்க பேட்ச்ல நல்ல மார்க் வாங்கி வந்தவங்களே அங்கதான் தடுக்கினாங்க.

பைன்டவுன்_வாத்தியார்

நன்றி, நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. 9 விநாடிக் கணக்கை என் 11-ம் வகுப்புக்குக் கொடுக்கப் போகிறேன்.

இரண்டு சந்தேகம். இரண்டு பட்டத்துக்கும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியுமா? சென்னையில் படித்துவிட்டு வந்தால் இங்கே செல்லுமா?

கரும்புச்சாறு

முதல் கேள்விக்குப் பதில்: ஆசை வேண்டாம். எஞ்சினியரிங் நேர அட்டவணையில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் முழுக்க பிராக்டிக்கல் இருக்கும், பி.எஸ்சி. பிராக்டிக்கலும் அதே பிற்பகலில் நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதுதான் நடக்கும். கெமிக்கல் 4 வருஷம், பிறகு பயோபிராசஸில் மாஸ்டர்ஸ். தலைகீழாக, பி.எஸ்சி. முடித்துவிட்டு எஞ்சினியராக நினைத்தால் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

பதிவு விஷயமும் உண்டு. ப்ரொஃபஷனல் எஞ்சினியர் பதிவு எக்சா என்ற எஞ்சினியரிங் கவுன்சில் கையில். அதற்கு அவர்கள் அங்கீகரித்த 4 வருஷ எஞ்சினியரிங் பட்டம் வேண்டும், பிறகு சில வருஷம் மேற்பார்வையில் வேலை பார்த்த பதிவு வேண்டும். டி.யு.டி. 3 வருஷ எஞ்சினியரிங் டெக்னாலஜி பட்டத்துக்குத் தனிப் பிரிவு, டெக்னாலஜிஸ்ட். பி.எஸ்சி. ஹானர்ஸ் படித்தவர்கள் சக்நாஸ்ப் என்ற விஞ்ஞானிகள் பதிவுக்குப் போவார்கள். எது உயர்வு எது தாழ்வு என்று நான் சொல்ல வரவில்லை. ஆலையில் டிசைன் தாளில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி வரும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

அடையாறு_டு_ஜோபர்க்

சென்னைக் கேள்விக்கு நான் சொல்கிறேன். நானே ஏ.சி. டெக். 1944-ல் அழகப்பச் செட்டியார் கொடையில் வந்த கல்லூரி. கெமிக்கலும் இண்டஸ்ட்ரியல் பயோடெக்கும் அங்கே தனித்தனி பி.டெக்., ஒரே காம்பவுண்டு. ஹாஸ்டலில் கெமிக்கல்காரன் பக்கத்து அறையில் பயோடெக்காரன், நோட்ஸ் கைமாறும். அந்த அளவுக்குச் "சேர்த்துப் படிக்கலாம்" :)

செல்லுபடி: தென்னாப்பிரிக்கா 1999-லேயே, எஞ்சினியரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் சேர்ந்தது, இந்தியா 2014-ல். ஆனால் இந்தியாவில் கல்லூரி பெயரைப் பார்க்கக் கூடாது, அந்தக் குறிப்பிட்ட பட்டப்படிப்புக்கு, அந்த வருஷத்தில், இந்திய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் டயர் 1 அங்கீகாரம் இருந்ததா என்று பார்க்கணும். கெமிக்கலுக்கு இருந்து பயோடெக்குக்கு இல்லாமலும் போகலாம். எக்சாவில் தாளைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆட்கள் எனக்குத் தெரியும். பாட்டி வீடு அங்கே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அனுப்பாதீர்கள்.

வாத்தியார்_மகள்

வணக்கம். நான்தான் அந்தப் பொண்ணு. அப்பா இந்த இழையைக் காட்டினார். எல்லாருக்கும் நன்றி, ஆனா அப்பா ஒண்ணு சொல்ல விட்டுட்டார். எனக்கு மருந்து, வேக்சின் பக்கம் அவ்வளவு ஆர்வம் இல்லை. எனக்கு ஆசை வந்தது பார்பர்டன்ங்கற சுரங்க ஊரால.

அங்க ஃபேர்வியூ சுரங்கத்துல 1986-லிருந்து பாக்டீரியாவை வச்சுத் தங்கம் எடுக்கறாங்க. பைரைட், ஆர்சனோபைரைட் தாதுக்குள்ள தங்கம் துகளா மாட்டிட்டு இருக்கும், சயனைடு ஊத்தினாலும் உள்ளே போகாது. முன்னே அதை வறுப்பாங்க, ஆர்செனிக் புகை வரும். அதுக்குப் பதிலா இரும்பையும் கந்தகத்தையும் சாப்பிடற பாக்டீரியாவைத் தொட்டியில விட்டா, அது கல்லை அரிச்சுத் தங்கத்தைத் திறந்து விட்டுடும். அமிலத்துல, 40 டிகிரியில, நாள் கணக்கா. பயாக்ஸ்னு பேர். இதைக் கண்டுபிடிச்சு நடத்தினது இந்த நாட்டுக் கம்பெனி. ஸ்கூல் புத்தகத்துல ஒரு வரிகூட இல்லை!

என் கேள்வி இதுதான்: அந்தத் தொட்டி பக்கத்துல நிக்கணும்னா நான் எந்தப் பட்டம் படிக்கணும்?

கேப்_காற்று

சூப்பர் கேள்வி. தங்கச்சி, செபர்ல பயோலீச்சிங், அதாவது பாக்டீரியா வச்சுத் தாதுலேர்ந்து உலோகம் பிரிக்கற ஆராய்ச்சி நடக்குது. உலோகத் தாது, சுரங்க அமில நீர் ரெண்டும் அவங்க பேட்டை. நான் சொன்ன ஆக்சிஜன், சூடு கணக்கு அப்படியே உனக்கும் பொருந்தும். சல்ஃபைடு ஆக்சிடைஸ் ஆகும்போது பயங்கர வெப்பம் வரும், அந்தத் தொட்டிக்குள்ள கூலிங் காயில் இல்லாம ஓட்ட முடியாது. காத்துக்கான மின்சார பில்லும் பெருசு. லோட்ஷெடிங்ல காத்து நின்னா பாக்டீரியா கதி?

நுண்ணோக்கி

கதி மோசம்தான், ஆனால் அந்தக் கூட்டம் நம் மருந்துச் செல்களை விடக் கெட்டி. அமிலத்தில் வேறெதுவும் எளிதில் வளராது, ஆகவே ஸ்டெரிலைஸ் செய்யும் தொல்லையும் இல்லை. ஒரே ஒரு ரகம் என்றில்லாமல் பல இனங்கள் கூடி வாழும், எது மேலே வரும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கும். பாரம்மா, இங்கேதான் உனக்குச் சூழலியல் வேண்டும், ஜெனெடிக்ஸ் அல்ல. மேலே நான் சொன்ன பட்டியலை உனக்காக மாற்றிக்கொள்கிறேன்: மைக்ரோபியல் எகாலஜி முதலில்.

கரும்புச்சாறு

பட்டம் கெமிக்கல். அல்லது மெட்டலர்ஜி (உலோகவியல்). ஜோபர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டும் ஒரே துறைக்குள் இருக்கின்றன, கெமிக்கல் அண்ட் மெட்டலர்ஜிக்கல் என்றே பெயர். பி.எஸ்சி. பயோடெக் எடுத்தால் லேபில் அந்தப் பாக்டீரியாவைப் பார்ப்பாய். தொட்டியைக் கட்டி ஓட்டும் வேலை எஞ்சினியர் கையில்தான் வரும்.

வாத்தியார், கவனிக்க: சி.ஏ.ஓ. நம் மாகாணத்துக்கு மட்டும். யு.சி.டி.க்கும் விட்ஸுக்கும் நேரடியாக விண்ணப்பிக்கணும். கடைசி நாள் ஒவ்வொன்றுக்கும் வேறு. யு.சி.டி.க்கு முன்கூட்டியே வரும், இன்றே தளத்தைப் பாருங்கள். என்.பி.டி. என்ற சேர்க்கைத் தேர்வு கேட்கிறார்களா என்பதையும் சேர்த்து.

மெரிபேங்க்_மாமா

பாப்பா, தங்கத்துக்குப் பார்பர்டன் வரைக்கும் போகறதுக்கு முன்னே நம்ம வீட்டு வாசலைப் பாரு. மெரிபேங்க் சதர்ன் ஒர்க்ஸ் சாக்கடைத் தண்ணியை 2001-லிருந்து சுத்தம் பண்ணி மோண்டி பேப்பர் ஆலைக்கும் சாப்ரெஃபுக்கும் அனுப்பினாங்க. நாளைக்கு 4 கோடியே 75 லட்சம் லிட்டர் வரைக்கும் பண்ணலாம்னு கட்டினது. குடிதண்ணி அந்த அளவுக்கு மிச்சம். அதுலயும் முதல் வேலை பாக்டீரியாவுக்குத்தான், பிறகு ஓசோன், கார்பன். உன் படிப்பு அப்படியே அங்க இருக்கு. பக்கத்துலயே சாப்பாடும் போடுவோம்.

வாத்தியார்_மகள்

மாமா, கண்டிப்பா வரேன் 🙏 அது எனக்குத் தெரியவே தெரியாது. முதல் வருஷத்துலயே அங்க போய்ப் பார்க்க விடுவாங்களா?

கேப்_காற்று

முதல் வருஷ லீவுல வேக் வொர்க்குக்கு (லீவு கால ஆலைப் பயிற்சி) எழுதிப் போடு. எங்க கோர்ஸ்ல வேக் வொர்க் இல்லாம பட்டமே தர மாட்டாங்க, அதனால எல்லா ஆலைக்கும் ஸ்டூடண்ட்ஸ் எழுதறது பழக்கம்தான். எல்லாரும் பெரிய ஆயில் கம்பெனிக்கு மட்டும் எழுதிட்டு உட்கார்ந்திருப்பாங்க. தண்ணீர் சுத்திகரிப்பு, டிஸ்டிலரி, ப்ரூவரிக்கு எழுதறவங்க கம்மி. ஆகஸ்ட்லயே ஆரம்பி, நவம்பர் வந்தா இடம் போயிடும். சி.வி.யில லைஃப் சயின்ஸ் மார்க்கையும் போடு, கெமிக்கல் பசங்க நிறைய பேருக்கு அது இருக்காது.

பைன்டவுன்_வாத்தியார்

வரிசை முடிவாகிவிட்டது. சி.ஏ.ஓ.வில் யு.கே.இசட்.என். கெமிக்கல் முதல், டி.யு.டி. கெமிக்கல் இரண்டாவது, பயோடெக் மூன்றாவது. யு.சி.டி., விட்ஸ் நேரடியாக. சென்னையை அவளே அடித்துவிட்டாள். தம்பியிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. விட்ஸில் கெமிக்கலா மெட்டலர்ஜியா என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் சண்டை. அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் பர்சரி (கல்வி உதவித்தொகை) நிலவரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.